தெரிந்தவர் சொல்ல வேண்டும்

"எங்கிட்ட ஏம்ல சொன்ன?"

"சொல்லாம எப்படி—"

"இன்னைக்கா? உள்ள போற நேரத்துலயா—"

"ஏட்டி, மெதுவாப் பேசு—"

"எதுக்கு மெதுவா? இந்த ஊர்ல நம்ம பேச்சு எவனுக்குப் புரியப் போவுது?"

உண்மைதான். கழுத்தில் அட்டை தொங்க, கையில் காபியோடு பலர் அவர்களைக் கடந்து அரங்கத்துக்குள் போனார்கள். சிலர் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே அவன் பக்கம் திரும்பினாள்.

"எப்பப் போட்டாங்க?"

"காப்புரிமை விண்ணப்பமா? எங்க கம்பெனிக்காரங்க போன வருஷக் கடைசிலயே போட்டுட்டாங்க. எனக்கே நேத்துதான் தெரியும், வடிவு. கம்பெனிக்குள்ள வேற எதையோ தேடப் போயி கண்ணுல பட்டுது."

"நம்ம எழுதுன வரைவு மேலயா?"

"முழுசுக்கும் இல்ல. படுக்கை காலியா இருக்கான்னு கேக்குற முறை இருக்குல்லா, அதுக்கு மட்டும்."

"அதை எடுத்துட்டா மிச்சம் என்னல இருக்கு? தலைப்பும் நன்றியுரையும்தான் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை.

எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்பதை எவர் அனுமதியும் இல்லாமல் எந்த வலைத்தளமும் எந்தக் கைப்பேசியும் கேட்டறிய ஒரு பொது விதிமுறை. இருவரும் சேர்ந்து எழுதியது. அவன் இந்தக் கம்பெனியில் சேர்வதற்கு முன்பே தொடங்கியது.

அதை உலகத்துக்குப் பொதுவாக்க ஒரு பணிக்குழு வேண்டும். அமைக்கலாமா, வேண்டாமா என்று இன்னும் சற்று நேரத்தில், இணைய விதிமுறைகளை வகுப்பவர்கள் கூடும் இந்த அரங்கம் முடிவு செய்யும்.

"உங்கப்பாவை வேன்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கினோமே, அன்னைக்கு நீதானல சொன்ன—"

"அப்பாவை இழுக்காத."

"இழுக்கத்தான் செய்வேன். வேற யார இழுக்க?"

"மனசு கேக்கல வடிவு. அதான் சொல்லிட்டேன்."

"மனசு கேக்கலன்னா கோயில்ல போயிச் சொல்லணும். சாமி வெளிய சொல்லாது. என்னால அப்படி இருக்க முடியுமா? தெரியாம இருந்தா நான் பாட்டுக்குப் பேசிட்டு வந்திருப்பேன்லா."

அவன் தலை குனிந்தான். காப்புரிமை பற்றி இந்தக் கூட்டங்களில் உள்ள விதி அவனுக்கும் தெரியும். தெரிந்தவர் சொல்ல வேண்டும். தெரியாதவர்மேல் குற்றமில்லை.

சற்று முன்புவரை அவள் தெரியாதவள்.

"நீ சொன்னா, ஒனக்கு எப்படித் தெரியும்னுதான் முதல்ல கேப்பாங்க. என்னை விட்டா வேற யாரு? வேலை போவும். வேலை போனா விசா போவும். வீட்டுல கோமு நிறைமாசமா இருக்கா."

"சொல்லாட்டா?"

"கம்பெனி கம்முனுகூட இருக்கலாம்."

"இருக்கும், இருக்கும். ஊரு உலகமெல்லாம் இதுலயே ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் இருக்கும். அப்புறம் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கவன்ட்ட பில்லை நீட்டும்."

"இப்பச் சொன்னா குழுவே வராது. நீ பட்ட பாடெல்லாம்—"

"என் பாட்டை நீ சொல்லாத."

உள்ளே மணி அடித்தது.

அவன் கதவைத் திறந்து பிடித்தான். அவள் அவனைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

திரையில் முதலில் அந்த விதிதான். எல்லாக் கூட்டத்திலும் அதுதான் முதலில் வரும். யாரும் படிப்பதில்லை. அவளும் இத்தனை வருடம் படித்ததில்லை.

இன்று கடைசி வரிவரை படித்தாள்.

பேசினாள். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. கேள்விகள் வந்தன. பதில் சொன்னாள். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

தலைமை ஏற்றிருந்த நரைத்த பெண்மணி எழுந்தார். காப்புரிமை எதுவும் குறுக்கே வருவதாக யாருக்காவது தெரியுமா, தெரிந்தால் இப்போதே சொல்லிவிடலாம் என்றார். வழக்கமான கேள்வி. வழக்கம்போல ஒரு நொடி காத்திருந்தார்.

நான்காவது வரிசையில் அவன். மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். அதன் திரை இருண்டு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லது. அப்படியென்றால் குழு அமைய வேண்டும் என்பவர்கள்..."

இங்கே கை தூக்கும் வழக்கமில்லை. வேண்டும் என்பவர்கள் வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று முனக வேண்டும். யார் முனகினார்கள் என்று பார்ப்பதில்லை. அரங்கம் எவ்வளவு அதிர்கிறது என்பதுதான் கணக்கு.

அத்தனை பேரும் மூச்சை இழுப்பது அவளுக்குக் கேட்டது.

அவள் கை தானாக உயர்ந்தது. ஒரு நிமிடம், என்றாள்.

இழுத்த மூச்சு அப்படியே நின்றது. தலைவி கண்ணாடியைக் கழற்றினார். பேசுவதையெல்லாம் எழுத்தாக்கித் திரையில் ஓட்டும் பெண், விசைகளின் மேல் விரல்களை வைத்துக் காத்திருந்தாள்.

வடிவு ஒலிவாங்கியை இன்னும் சற்றுக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். அவன் நிமிர்ந்தான்.

"ஆவுடை, நீயே எந்திச்சுச் சொல்லுதியா, இல்ல நான் சொல்லவா?"