இடப்பக்கம் திரும்பாத வண்டி

“வண்டி வலப்பக்கம் மட்டும்தான் திரும்புது சார். இடப்பக்கம் ஒடிச்சா சக்கரம் மட்கார்டுல உரசிக்கிட்டு நின்னுடுது.”

மேனேஜர் மூர்த்திக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார் அந்த அம்மாள். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் இன்சூரன்ஸ் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தும் குரல்.

“திருவண்ணாமலையில வலப்பக்கம் திரும்பினாப் போதுமே மேடம். கிரிவலம் போகலாம்” என்றார் மூர்த்தி.

சிரித்தது அவர் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் என்றைக்கும் இல்லாத அக்கறையோடு ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்பரசன் வேலூரிலிருந்து மாற்றலாகி இந்த வேங்கிக்கால் கிளைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. விபத்து ஃபைல்கள் இனி அவர் பொறுப்பு. அவசரமாகப் புரட்டிப் பார்த்தார். பச்சையம்மாள், ஆசிரியை. கறுப்பு அம்பாசடர், 1971 மாடல். போன மாசம் தண்டராம்பட்டு ரோட்டில் கரும்பு லாரி இடித்து இடப்பக்கம் முழுக்க நசுங்கியிருக்கிறது. கம்பெனி சொன்ன ஒர்க்‌ஷாப்பிலேயே ரிப்பேரும் முடிந்திருக்கிறது.

“பின் கதவைப் பாத்தீங்களா சார்? கறுப்பு வண்டிக்குப் பச்சைக் கதவு. அதுவும் மூட மாட்டேங்குது. கயிறு போட்டுக் கட்டியிருக்கேன்.”

“பழைய வண்டிக்குப் புதுக் கதவு போட ரூல் இல்ல மேடம். யாரா இருந்தாலும் ரூல் ஒண்ணுதான்.”

அன்பரசன் மேனேஜரின் காதருகே குனிந்தார். “நான் பேசி அனுப்பிடட்டுமா சார்?”

மூர்த்தியின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். “பேசிப் பாருங்க.”

“மேடம்” என்று தொண்டையைச் செருமிக்கொண்டார் அன்பரசன். “இருபத்தஞ்சு வருஷத்து வண்டி. கொஞ்சம் முன்னபின்ன இருக்கத்தான் செய்யும்.”

“உங்களுக்கு என்ன வயசு சார்?”

“நாப்பத்தி மூணு.”

“நாளைக்கு உங்க கை ஒடிஞ்சிடுது. வயசாயிடுச்சேன்னு வேற யாரோட கையையோ மாட்டி அனுப்பினா, வாங்கிக்கிட்டு வந்துடுவீங்களா?”

அன்பரசன் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, நாற்காலிக்குத் திரும்பினார்.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, மேஜைமேல் இருந்த தன் மனுவின் மீது வைத்தார். “நாலு டீச்சருங்க இந்த வண்டியிலதான் ஸ்கூலுக்கு வர்றாங்க. நேத்து வளைவுல கயிறு அவுந்து கதவு திறந்துக்கிச்சு. சந்திரம்மாள் டீச்சர் கீழ விழாதது அண்ணாமலையார் புண்ணியம். நீங்களே ஓட்டிப் பாருங்க. வண்டி சரியா இருக்குதுன்னு நீங்க சொல்லிட்டா, இந்த மனுவை இங்கேயே கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்.”

மூர்த்தி சாவியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

மேனேஜர் வண்டியை எடுத்தார். அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்பரசன் பின்னால், பச்சைக் கதவின் கயிற்றைக் கையில் பிடித்தபடி.

“இடப்பக்கம் ஒரே ஒரு தடவை திருப்புங்க சார். அது போதும்.”

கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் மூர்த்தி ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். கீழே கரகரவென்று ஒரு சத்தம். வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த செங்கம் பஸ் ஹாரனை அடித்த அடியில் வலப்பக்கமே திருப்ப வேண்டியதாயிற்று. அந்தத் தெருக்கோடியிலும் வலப்பக்கம்தான். அதற்கடுத்த தெருவிலும் அதேதான். சுற்றிக்கொண்டு மறுபடியும் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கே வந்தார்கள்.

“இன்னொரு தடவை பாருங்க சார். அவசரம் இல்ல” என்றார் அந்த அம்மாள்.

மூன்றாவது சுற்றில் கலெக்டர் ஆபீஸ் வாசல் காவலர், யாரோ பெரிய அதிகாரிதான் என்று முடிவு செய்து சல்யூட் அடித்தார். பதிலுக்குக் கையைத் தூக்கினார் மூர்த்தி. தூக்கிய கையோடு வலப்பக்கம் வளைத்தார். கயிறு அறுந்தது. பச்சைக் கதவு படாரென்று திறந்துகொண்டது. பாதி உடம்பு வெளியே தொங்க, அன்பரசன் முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “சார், நான் வேலூருக்கே போயிடறேன்” என்றார்.

மூர்த்தி ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்த்தவரின் முகத்தில் ஈயாடவில்லை. விளையாட்டெல்லாம் ஓடிப்போயிருந்தது.

ஆபீசுக்கு வந்ததும் மனுவின் ஓரத்தில் அவரே எழுதினார்: மட்கார்டு புதிது. கதவு புதிது. கறுப்பு நிறம். வேறு ஒர்க்‌ஷாப். செலவு கம்பெனியுடையது. கீழே கையெழுத்தும் போட்டார்.

அந்த அம்மாள் ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்தார். “ரொம்ப நன்றிங்க சார்” என்று கும்பிட்டுவிட்டு, ஆட்டோ பிடிக்கக் கிளம்பினார்.

அன்பரசன் இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு மேனேஜரிடம் வந்தார். “அவங்க கேட்டது நியாயம்தான் சார். முதல்லயே செஞ்சு குடுத்திருந்தா ஆபீஸ் வரைக்கும் வந்திருக்கவே மாட்டாங்க இல்ல?”

மூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மெல்லத் துடைத்தார்.

“என் தப்புதான் அன்பரசன். ஞாயித்துக்கிழமை சோறு போடும்போதே ஆரம்பிச்சா. ‘ஆபீஸ் விஷயத்தை வீட்டுல பேசாதே, எதுவா இருந்தாலும் ஆபீசுக்கு வந்து மனு எழுதிக் குடு’ன்னு நான்தான் சொல்லித் தொலைச்சேன்.”