எல்லாரும்

பதினோராவது டேக்கிலும் தளபதி அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டார்.

“கட்” என்ற குரல் கேட்டதும் மேக்கப்காரம்மா பெட்டியோடு எழுந்தாள். முழங்கால்கள் அவளைத் திட்டின. அவள் தளபதியைத் திட்டினாள், மனதுக்குள்.

வசனம் ஒன்றும் மலையைப் புரட்டுகிற வசனமில்லை. முப்பது வருடங்களுக்கு முன் வந்த விண்வெளித் தொடரில், இளம் தளபதி கப்பலின் திரையில் தன் முதுமையைப் பார்ப்பார். அந்தக் கிழவர் சொல்வார்: “பயப்படாதே. எல்லாரும் பத்திரமாக வீடு திரும்பிவிட்டோம்.” ஊர் உலகமே மனப்பாடமாக வைத்திருக்கிற வரி. இப்போது தொடர் மறுபடி வருகிறது. அதே நடிகர் நிஜமாகவே கிழவராகி, அதே வரியைச் சொல்ல வேண்டும்.

“பயப்படாதே. பத்திரமாக வீடு திரும்பிவிட்டோம்” என்கிறார். பதினோரு தடவையும்.

டைரக்டர் அந்தத் தொடரைப் பார்த்தே வளர்ந்தவர். “அந்த ‘எல்லாரும்’ விட்டுப்போச்சுன்னா ரசிகர்கள் நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க சார்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வயசாயிடுச்சு, மறதி என்று லைட்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

மேக்கப்காரம்மாவின் தொல்லை வேறு. அன்று முப்பத்தைந்து வயதுக்காரரைக் கிழவராக்கியவள் அவள்தான். கண்ணோரமெல்லாம் சிரிப்புச் சுருக்கங்களாகப் போட்டுத் தள்ளியிருந்தாள். நிஜ முதுமை அவளைக் கேட்டுக்கொண்டா வந்தது? சிரித்த சுருக்கம் ஒன்றுகூட இல்லை. புருவங்களுக்கு நடுவே செங்குத்தாக இரண்டு கோடுகள்தான். பழைய தொடரில் இல்லாத கோடுகள். காலையிலிருந்து அவற்றை மெழுகால் அடைத்து, பவுடர் பூசி, கண்ணோரம் பொய்ச் சுருக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த வார்த்தைப் பக்கம் வந்ததும் மனிதர் நெற்றியைச் சுருக்குவார். மெழுகு வெடிக்கும்.

“நெத்திய சும்மா வச்சிருங்க சார். எத்தன தடவதான் பூசறது?”

“சாரி மேடம்.” பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்த வார்த்தைய எடுத்துடச் சொல்லலாமா?”

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அதை எடுக்கவா முப்பது வருடம் காப்பாற்றி வைத்தது?

கதாசிரியர் எழுதிய வார்த்தையே இல்லை அது. அந்த அரங்கில் இரண்டு பேருக்கு மட்டும்தான் இது தெரியும். அன்று ஒத்திகையில், இதே மேக்கப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பெண், “எல்லாருமாப்பா?” என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அவள் அழக் கூடாதே என்று, கேமரா ஓடும்போது அவர் சேர்த்துக்கொண்ட வார்த்தை.

“அவ கேட்டு வாங்குன வார்த்தைங்க அது. எடுக்கக் கூடாது.”

செட்டுக்குள் மேக்கப்காரம்மா ‘சார்’ போடாமல், வீட்டில் பேசுவதுபோல அவரிடம் பேசியது இதுதான் முதல் தடவை. செட்டில் சார், மேடம் என்பது கல்யாணமான புதிதில் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு.

மெழுகை எடுத்துக் குனிந்தாள். பளபளப்புத் தகடு ஒட்டிய கப்பல் சுவரில், அவர் நெற்றிக்குப் பக்கத்தில் அவள் நெற்றியும் தெரிந்தது. அதே இரண்டு கோடுகள். பதினான்கு வருடங்களுக்கு முன், வேலை பார்த்த ஊரிலிருந்து மகள் ஏறிய பேருந்து ஊர் வந்து சேராமல், அவள் வீடு திரும்பாமலே போன அந்த வாரத்தில் இருவருக்கும் சேர்ந்தே வந்தவை.

பன்னிரண்டாவது டேக்.

“பயப்படாதே. எல்லாரும்…” மெழுகு வெடித்தது. “பத்திரமாக வீடு திரும்பிவிட்டோம்.”

டைரக்டர் அவள் பக்கம் திரும்பினார். மேக்கப் சரியாக இருந்தது என்று அவள் சொன்னால்தான் ஷாட் முடியும்.

அந்தக் கோடுகள் இரண்டும் பட்டவர்த்தனமாகத் தெரிந்துகொண்டிருந்தன.

“ஓகே” என்றாள்.