நாலாவது பலகை

உபகாரசாமி கோடாலியோடு ஆசாரியின் பட்டறைக்குள் நுழைந்தபோதே மரிய அனிதாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா பேச வரவில்லை.

சுவரில் நான்கு பலகைகள் சாத்தியிருந்தன. முதலாவதை இழுத்துத் தரையில் தள்ளினார். கோடாலியைத் திருப்பிப் பிடித்து, மொண்ணைப் பக்கத்தால் ஓங்கி நடுவில் போட்டார். இரண்டே அடி. பலகை முறிந்து, ஒரு சில்லு எகிறி அனிதாவின் முழங்காலைக் கிழித்தது.

“அப்பா! என்னப்பா பண்றீக? அதத்தான் நான் எடுத்து வச்சிருந்தேன்!”

“எட்டி நில்லு” என்றார். அவ்வளவுதான்.

“ஒடைங்கப்பா, நல்லா ஒடைங்க” என்றான் வாசலை மறித்து நின்ற அண்ணன் ஆரோக்கிய பிரபு. “பொம்பளப் புள்ள அரைக்கால் சட்டையோட கடல்ல பறக்குறான்னு காரைக்குடியே சிரிக்குது.”

“நீ பத்தாவத மூணு தடவ எழுதுனப்பவும்தான் சிரிச்சுச்சு!”

பிரபு பாய்ந்து வந்து அவள் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான்.

ஆடிக் காற்றில் ஒரு பெரிய பட்டத்தை இடுப்போடு கட்டிக்கொண்டு, பலகைமேல் நின்று அலையேறும் விளையாட்டு அது. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரி கிளாரா சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடி அலையில் அனிதா ஏறிக் காட்டினால், கிளாரா தொடங்கும் பயிற்சிப் பள்ளியில் வேலை. இல்லையென்றால் பி.ஏ. பட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, பிரபு சொல்லி வைத்திருக்கும் ஜவுளிக்கடையில் சேலை மடிக்க வேண்டியதுதான்.

போன மாதம் கிளாராவின் பழைய பலகை நடு அலையில் முறிந்து அனிதாவின் புருவத்தைப் பிளந்தது. ஏழு தையல். அந்தத் தையலைப் பார்த்த நாளிலிருந்து, விறகுக்கடையில் மரம் பிளக்கும் உபகாரசாமி மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாவது பலகை தரையில் விழுந்தது.

“சாமியண்ணே, பத்து நாள் வேலண்ணே!” ஆசாரி குருநாதன் தலையில் கைவைத்துக்கொண்டார். “தேக்குல செஞ்சா கல்லாட்டம் கனக்கும், பட்டம் தூக்காதுன்னு புள்ள சொல்லுச்சு. அதான் எடை கொறைக்க ஒன்னு இலவ மரம், ஒன்னு கல்யாண முருங்கைன்னு தேடித் தேடிச் செஞ்சேன்.”

“வயசுப் புள்ளைக்குப் பறக்கப் பலக செஞ்சு குடுத்தீகள்ல, வேணும் ஒங்களுக்கு” என்றான் பிரபு.

“கட்டில் கேட்டா கட்டில் செய்வேன், பலக கேட்டா பலக செய்வேன். நீ கேளு, ஒனக்குப் பாடையே செஞ்சு தாரேன்.”

கல்யாண முருங்கை நான்கு அடி தாங்கியது. ஐந்தாவதில் ஈரக் கட்டை போலச் சொத்தென்று முறிந்தது.

மூன்றாவது ஒட்டுப்பலகை. உபகாரசாமி மூச்சுவிடாமல் அடித்தார். பத்தாவது அடியில் அது அடுக்கடுக்காக வாயைப் பிளந்தது. உதைத்துத் தள்ளினார்.

“பி.ஏ. படிக்க வச்சது எதுக்குப்பா? வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டவா?”

 அவர் நாலாவது பலகையை இழுத்துத் தரையில் போட்டார்.

அனிதா குனிந்து பிரபுவின் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் ரத்தம் கரித்தது. அவன் அலறிக்கொண்டு கையை விட்டதும் ஓடிப்போய்ப் பலகைமேல் குப்புற விழுந்தாள்.

“என்னய ஒடைச்சுட்டு ஒடைங்க! ஒங்களுக்கெல்லாம் நான் சேல மடிச்சாத்தான தூக்கம் வரும்?”

உபகாரசாமி அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். இழைப்புச் சுருள் குவிந்து கிடந்த மூலையில் எறிந்தார்.

அந்தப் பலகை மலைவேம்பு. விரல் அகலப் பட்டைகளாக அறுத்து ஒட்டி, படகுக்குப் பூசுவது போல மேலே ஃபைபர் பூசியிருந்தார் குருநாதன். முதல் அடிக்கு மணி போலச் சத்தம் வந்தது. பத்து அடி. இருபது அடி. பலகை துள்ளித் துள்ளி விழுந்தது. உபகாரசாமியின் உள்ளங்கை பிய்ந்து, கோடாலிக் காம்பு சிவப்பாக வழுக்கியது.

பூச்சில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அவ்வளவுதான்.

அவர் மூச்சு வாங்கி நின்றார். 

“ஒங்களால முடியல. குடுங்க இங்குட்டு.” பிரபு கோடாலியைப் பிடுங்கினான். வெட்டுவாய் கீழே வரும்படி திருப்பித் தலைக்குமேல் ஓங்கினான்.

உபகாரசாமியின் முஷ்டி அவன் வாயில் இறங்கியது. பிரபு சுவரில் மோதிச் சரிந்தான். ஒரு பல் தரையில் உருண்டது.

“என்னப்பா... ஒடைக்கத்தான வந்தீக?” என்றான் உதட்டைப் பொத்திக்கொண்டு.

உபகாரசாமி குனிந்தார். பலகையை ஒற்றைக் கையால் தூக்கி எடை பார்த்தார். ரத்தம் பட்ட இடத்தைத் துண்டால் துடைத்தார். மூலையில் கிடந்த மகளின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

“இது தாங்கும் ஆத்தா. இத எடுத்துக்கிட்டுப் போ.”