லாரியை விட மாட்டோம்

சாக்கடைநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கேட்டில் லாரி நின்றது. லாரி நிறைய மோட்டார்கள். அதன் முன்னால், ஆற்றோரத்து ஊர்ப் பெண்களோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் இருதயசெல்வி.

"வழி விடுங்கம்மா," என்றார் நகராட்சி இன்ஜினீயர் செல்வகுமார்.

"முடியாது சார். எங்க மேல ஏத்திக்கினு போங்க."

பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு அவளை நன்றாக ஞாபகம் இருந்தது. "டவுன் சாக்கடை எங்க ஆத்தங்கரைக்கு வரக் கூடாது, பிளான்ட்டே வேணாம்னு அன்னிக்கு ஜேசிபி முன்னாடி படுத்தது நீதானே?"

"நாந்தான். அதுக்கென்ன இப்போ?"

"மறுபடியும் அதே பேஜாரா? புடிச்சு உள்ள தள்ளிடுவேன்."

"தள்ளுங்க. லாரியை மட்டும் விட மாட்டோம்."

செல்வகுமார் குரலைத் தாழ்த்தினார். "புரிஞ்சிக்கோங்கம்மா. ஒரு மாசம் ஓட்டிப் பார்த்தோம். நேத்து மந்திரி வந்து சுவிட்ச் போட்டாரு, போட்டோவும் எடுத்தாச்சு. பந்தல், நாற்காலி மாதிரி இந்த மோட்டாருங்களும் திறப்பு விழாவுக்காகப் பாண்டிச்சேரியிலேர்ந்து வாடகைக்கு எடுத்ததுதான். இன்னிக்குத் திருப்பிக் குடுத்தாவணும்."

"இந்த ஒரு மாசமாத்தான் சார் ஆத்துல நொரை இல்ல. எங்க மாடு மூஞ்சியத் திருப்பாம தண்ணி குடிக்குது."

இருதயசெல்வி எழுந்து போய் லாரியின் பின்கதவைப் படீரென்று தட்டினாள்.

"பந்தலு போவட்டும், நாற்காலி போவட்டும், மந்திரியும் போவட்டும். மோட்டாரு போவாது. இறக்குங்க!"