தூபா அக்கா இழுத்துச் செல்லும் மலை

"ஏண்டி நஸ்தரன், கால்ல மருதாணியா வச்சிருக்க? எட்டி நடடி!"

வெள்ளிக்கிழமை காலையில் பாதி தெஹ்ரான் இந்த மலையில்தான் இருக்கும். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிதான் தூபா அக்கா கத்துவாள்.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. எனக்கு நாற்பத்தெட்டு. இருவருக்கும் ஒரே வீடு.

முதல் வாரம் இருபது படி ஏறியதும் திரும்பிவிட்டோம். அடுத்த வாரம் முதல் தேநீர்க்கடை வரை. அப்படியே ஐந்து மாதம் போய், ஷீர்பாலா தங்குமடம் கண்ணுக்குத் தெரிகிற வளைவு வரை வந்திருக்கிறோம். அதற்குமேல் என் முட்டி ஒத்துழைப்பதில்லை. நான் உட்கார்ந்தால் அக்காவும் உட்கார்ந்துவிடுவாள். நாலு வெள்ளிக்கிழமை அப்படியே திரும்பினோம்.

இங்கே எதிரில் யார் வந்தாலும், "களைச்சுப் போகாதீங்க!" என்பார்கள். "நீங்களும் நல்லா இருங்க" என்றுவிட்டு நடக்க வேண்டியதுதான். அக்கா அதோடு விடமாட்டாள். ஆளை நிறுத்தி வைத்துக் கதை சொல்வாள்.

"என் தங்கச்சிங்க. மனசு சரியில்லாம கட்டிலே கதின்னு கெடந்தா. டாக்டர் நடக்கச் சொன்னாரு. நான் இழுத்துக்கிட்டு வரலன்னா இவ அசையவே மாட்டா!"

இன்றைக்கு ஒரு பெரியவர் அதைக் கேட்டு உருகி, என் கையில் ஒரு பிடி வாதுமைப் பருப்பு கொடுத்துவிட்டுப் போனார். என் மானம் கப்பலேறியது. பருப்பைத் தின்றுகொண்டே நடந்தேன்.

வளைவு வந்தது. முட்டி மடங்கியது. பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். பையைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

"நீ இங்கயே கெட. நான் போய் மடத்தைத் தொட்டுட்டு வந்துடறேன்."

போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கி வந்த கல்லூரிப் பெண்களுக்கு அவளே முந்திக்கொண்டு, "களைச்சுப் போகாதீங்க!" என்று குரல் கொடுத்தாள். கோவேறு கழுதை ஒன்றை ஓரம் கட்டிவிட்டு மேலே ஏறினாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, அதோ போகிறாளே, அவள் என் அக்கா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

கைபேசியை எடுத்து அக்காவின் டாக்டருக்கு எழுதினேன்.

ஏழு மாதம் கட்டிலைவிட்டு இறங்காமல் கிடந்தவள் அவள். தனக்கென்றால் ஓர் அடி வைக்கமாட்டாள், தங்கைக்கென்றால் மலையே ஏறுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நானும் பக்கத்துக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டு, டாக்டர் என்னை நடக்கச் சொன்னார் என்று புளுகினேன்.

"உங்களை விட்டுட்டு அவங்க தனியா நடக்கிற அன்னைக்கு எனக்குச் சொல்லுங்க" என்று டாக்டர் கேட்டிருந்தார்.

சொல்லிவிட்டேன்.