வெள்ள வருஷத்து அரிசி

இதுவும் குழைந்துவிட்டால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்தபடி ஹஃப்ஸா மூன்றாவது சட்டியைத் திறக்கிறாள். மூன்றிலும் ஒரே வயலின் சீரகச் சம்பாதான். விளைந்த வருஷம்தான் வேறு. காவிரியில் தண்ணீர் வராத வருஷத்து அரிசி மெலிந்து, ஏலக்காய்போல மணக்கிறது. அப்போது கணவர் இருந்தார். போன வருஷத்தது கஞ்சியாகக் குழைந்திருக்கிறது. புது அரிசி குழையத்தான் செய்யும், அதைக் குறை சொல்ல முடியாது. இதுவோ அறுப்பு நேரத்தில் வெள்ளம் நின்ற வருஷத்தது, அவர் இறந்தபின் அவள் தனியாகச் செய்த முதல் விளைச்சல். நெல்லுக்கு வெயில் காட்டிக் காட்டி இத்தனை காலம் வைத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஆவி கலைகிறது. ஒரு பருக்கையை விரலிடையில் நசுக்குகிறாள். ஒட்டவில்லை. சட்டியைச் சாய்த்தால் சோறு உதிரியாகச் சரிகிறது. ஈர மண்ணும் நெய்யும் கலந்ததுபோல ஒரு வாசம், மற்ற இரண்டிலும் இல்லாதது. அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துகொள்கிறாள். தம்பி அப்சர் குனிந்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறான்.

“லாத்தா, இதையா கோழிக்குப் போடச் சொன்னாங்க?”

“சொன்னது நீதான்.”

“கோழிக்குக் குடுத்து வைக்கல, விடு.” சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் பார்க்கிறான். “குத்தகை பேச வந்தவரு உக்காந்திருக்காரு. நீ ஒத்தையா எவ்வளவு நாளுக்கு அலைவ? சரின்னு சொல்லிரவா?”

ஹஃப்ஸா இன்னொரு பருக்கையை வாயில் வைத்து மெதுவாக மெல்கிறாள்.

“டீ குடுத்து அனுப்பிரு, தம்பி.”