கழித்தல் கணக்கு

"மாப்ள, நாலு மணிக்குள்ள இருபது பேரும் பெஞ்சுல இருக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் என் தலை உருளும்!"

"கவலையை விடுங்க அத்தான். கட்டட வேலை செய்யறவங்க இருபது பேரைப் பேசி வேன்ல ஏத்திட்டேன். யார் எந்தப் பேருக்குக் கை தூக்கணும்னு ஆளுக்கொரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்துட்டேன்."

"அறிவுக்கொழுந்தே! எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குச் சீட்டா?"

"சரி, வர்ற வழியில வாயால சொல்லிடறேன்."

முதியோர் கல்வி நிலையத்தின் நிறுவனர் போனை வைத்தார். வாசல் பலகையில் அவர் பெயருக்கு முன்னால் 'எழுத்தறிவு வள்ளல்' என்று இருக்கும். பட்டம் கொடுத்தவரும் அவரேதான்.

ஆறு மாதமாக இருபது பேருக்கு எழுத்தறிவித்து வருவதாகப் பதிவேடு சொன்னது. பெஞ்சில் படிந்த தூசி வேறு கதை சொன்னது. ஒரே ஒரு காலை நடையில் சேகரித்த பெயர்கள் அவை. தினசரி வருகைக்கான கைநாட்டுகளுக்கு அவருடைய பத்துக் கைவிரல்களும் பத்துக் கால்விரல்களும் ஒத்தாசை செய்தன. இருபத்தோராவது மாணவரைச் சேர்க்காததற்கு அது ஒன்றே காரணம்.

இன்று மானியம் தரும் அரசின் ஆய்வு. பதிவேட்டில் உள்ளவர்கள் நேரில் இல்லையென்றால் நிலையத்துக்குப் பூட்டு, நிறுவனருக்கு விலங்கு.

நாலு அடித்ததும் ஆய்வாளர் அம்மாள் வந்து இறங்கினார். தன் தொண்டின் பெருமையைத் தானே அளந்தபடி அவரை அழைத்துப்போன நிறுவனர், வகுப்புக் கதவைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார்.

இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை காரியக்காரன்தான்! ஆனால், வேன் வந்த சத்தம் கேட்கவில்லையே? மின்விசிறி ஓடாமலே அறை ஏன் இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது? எல்லார் காலிலும் ஈர மண். ஒருவர்கூட இருமவில்லை, நெளியவில்லை.

ஆய்வாளர் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை உயர்ந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல "உள்ளேன்" என்றது ஒரு குரல்.

"எங்கே, அவங்கவங்க பேரை எழுதுங்க பார்ப்போம்."

நிறுவனர் தடுக்க வாயெடுத்தார். இது பேச்சில் இல்லையே! அதற்குள் இருபது சிலேட்டுப் பலகைகளிலும் ஒரே நேரத்தில் சாக்பீஸ் கீறியது.

"அடடா, அச்சுக் கோத்த மாதிரி எழுத்து!" ஆய்வாளர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். "கீழே கழித்தல் கணக்கு வேற! ஆனா சின்ன எண்ணை முதல்ல போட்டிருக்காங்க. பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு சொல்லிக் கொடுங்க சார்."

"நாளைக்கே சொல்லிடறேன் மேடம்."

"எப்படிம்மா இவ்வளவு அழகா எழுதக் கத்துக்கிட்டே?" என்று முன்வரிசைப் பெண்ணைக் கேட்டார்.

"வேற என்னங்க வேலை? தலைமாட்டுலயே எழுதி வச்சிருக்கு. படுத்த இடத்துலேர்ந்தே பார்த்துப் பார்த்துப் பழகிட்டோம்."

"படுக்கையிலும் பாடமா!" ஆய்வாளர் உருகிப்போனார்.

"என்னுடைய சொந்த முறை மேடம்," என்று அடக்கமாகக் குனிந்தார் நிறுவனர். அடக்கம் அவருக்குப் பழக்கமில்லாததால் இடுப்பு பிடித்துக்கொண்டது.

நிலையத்துக்கு இன்னும் மூன்று ஆண்டு அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆய்வாளர் காரேறினார். வெற்றிச் சிரிப்போடு வகுப்புக்குத் திரும்பியபோது நிறுவனரின் போன் அடித்தது.

"மாப்ள, மானத்தைக் காப்பாத்திட்டேடா!"

"கிண்டல் பண்ணாதீங்க அத்தான். ரயில்வே கேட்டுகிட்ட வேன் படுத்துடுச்சு. இருபது பேரும் இங்கேதான் வண்டியைத் தள்ளிக்கிட்டிருக்காங்க. ஆய்வாளரை ஒரு அரை மணி நேரம் எப்படியாவது பேசிச் சமாளிங்க!"

போன் பிடித்த கை தானாக இறங்கியது. பக்கத்திலிருந்த பலகையைப் பார்த்தார். ஒரு பெயர். அதன் கீழே ஒரு வருடம், சிறு கோடு, இன்னொரு வருடம். நிலையத்தின் பின்புறக் கல்லறைத் தோட்டத்தில், ஆறு மாதம் முன்பு காலை நடையின்போது அவர் நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்ட அந்த இருபது கற்களிலும் இப்படியேதான் இருந்தது.

முன்வரிசைப் பெண் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"பேர் எழுத வந்துடுச்சு சார். மிச்சத்தையும் சொல்லிக் கொடுங்க. எங்க பேர்ல என்னென்னத்துக்குக் கைநாட்டு வச்சீங்கன்னு நாங்களே படிக்கணும். மெதுவாவே ஆரம்பிங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை."